கூடத்தில் ஒரு கூடைப்பந்து

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் "கறி" என்று சொல்லிப் பாருங்கள். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினால் அது சாதாரண வீடு. "யாரு, ஸ்டெஃப் கறியா?" என்று திருப்பிக் கேட்டால் அது கூடைப்பந்து வீடு. அந்தப் பிள்ளைக்கு லெப்ரான் ஜேம்ஸின் காலணி எண்கூடத் தெரிந்திருக்கும். இப்போது அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "சரி, நம்ம ஊர் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணியில விளையாடிய ஒருத்தர் பேரைச் சொல்லு."

பல வீடுகளில் அங்கே ஓர் அமைதி விழும். எங்கள் வானொலித் தொழிலில் அந்த மாதிரி அமைதிக்கு 'டெட் ஏர்' என்று பெயர். மூன்று நொடி நீடித்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும்.

பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்க ஆட்டம் தானாகக் கைப்பேசிக்கு வந்து விழுகிறது. நம் ஊர் ஆட்டத்தை நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தேடுவது பெரிய வேலையும் அல்ல. காசும் அதிகம் ஆகாது. அதை எப்படி வீட்டுக்குள் கொண்டுவருவது, கொண்டுவந்த பிறகு எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்த வாரப் பேச்சு.

எந்த அணி, என்ன கதை?

முதலில் அணியைத் தெரிந்துகொள்வோம். கதை தெரியாமல் பார்த்தால் எந்த ஆட்டமும் பத்துப் பேர் ஓடுவதாகத்தான் தெரியும்.

ஸ்லிங்கர்ஸ் 2006ல் பிறந்த அணி. ஆஸ்திரேலியாவின் தேசியக் கூடைப்பந்து லீக்கில் இடம்பிடித்த முதல் ஆசிய அணி அது. சிங்கப்பூர் உள்ளரங்கில் விளையாடியது. ஆனால் ஒவ்வோர் எதிரணியும் விமானத்தில் பல மணி நேரம் தள்ளி இருந்தால் செலவு என்னாகும்? இரண்டே பருவம். 2008ல் பயணச் செலவைக் காரணம் காட்டி அணி லீக்கிலிருந்து விலகியது.

அதோடு கதை முடிந்திருக்கலாம். 2009ல் ஆசியான் கூடைப்பந்து லீக் தொடங்கியபோது, ஸ்லிங்கர்ஸ் அதன் தொடக்க அணிகளில் ஒன்றாகத் திரும்பி வந்தது. பின்னர் காலாங் விளையாட்டு நடுவத்தில் உள்ள ஓசிபிசி அரீனா அதன் வீடானது. ஏறத்தாழ 3,000 பேர் உட்காரக்கூடிய அரங்கு. கடைசி வரிசையில் இருந்தாலும் காலணி தரையில் உரசும் சத்தம் கேட்கும்.

அந்த அணி மூன்று முறை இறுதிச் சுற்றுக்குப் போனது. 2016ல் மலேசியா டிராகன்ஸ் அணியிடம் ஐந்து ஆட்டங்கள் வரை போராடித் தோற்றது. 2017ல் ஹாங்காங் ஈஸ்டர்ன் அணியிடம் தோற்றது. 2019ல் இந்தோனீசியாவின் சிஎல்எஸ் நைட்ஸ் அணியிடம் மறுபடியும் ஐந்தாவது ஆட்டத்தில் கிண்ணத்தை விட்டது. மூன்று முறையும் பயிற்றுநர் நியோ பெங் சியாங். 2015ல் இங்கே நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் வெண்கலம் வென்ற தேசிய அணிக்கும் அவர்தான் பயிற்றுநர். வோங் வெய் லோங், டெல்வின் கோ போன்றவர்கள் அந்த ஆண்டுகளில் இரண்டு சட்டைகளையும் அணிந்தவர்கள். பிள்ளைக்குச் சொல்ல இப்போதைக்கு இரண்டு பெயர் கிடைத்துவிட்டது.

2020 மார்ச்சில் கொவிட்-19 லீக்கை நடுவழியில் நிறுத்தியது. 2023 ஜனவரியில்தான் மறுபடியும் போட்டி நடந்தது. இந்த ஆண்டுக் கணக்கை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளூர்த் தொழில்முறை அணி என்பது எம்ஆர்டி நிலையம் மாதிரி எப்போதும் அங்கேயே இருக்கும் பொருள் அல்ல. ஒருமுறை பயணச் செலவு நிறுத்தியது, இன்னொரு முறை கிருமி நிறுத்தியது. ஆதரவாளர் நிறுவனங்கள் கணக்குப் பார்க்கும்போது முதலில் கேட்பது, "எத்தனை பேர் பார்க்கிறார்கள்?" என்பதைத்தான். அந்த எண்ணிக்கையில் உங்கள் வீட்டுத் திரையும் ஒன்று.

எங்கே பார்ப்பது?

கட்டணத் தொலைக்காட்சியில் தேடிக் களைத்துப் போனவர்கள் உண்டு. விளையாட்டு ஒளிவழிகள் வரும், போகும். ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் ஒளிவழிகள் 2021 அக்டோபர் 1ஆம் தேதி தென்கிழக்காசியாவில் மூடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அதனால் உள்ளூர்க் கூடைப்பந்துக்காகத் தொகுப்புச் சந்தா வாங்கும் முன் நிதானியுங்கள்.

தேடலைத் தொடங்க வேண்டிய இடம் அணியின் சமூக ஊடகப் பக்கமும் லீக்கின் யூடியூப், ஃபேஸ்புக் பக்கங்களும்தான். ஆசியான் லீக் தன் ஆட்டங்களை அங்கே இலவசமாக நேரலையில் விட்டுவந்திருக்கிறது. யூடியூபில் லீக்கின் பக்கத்தைத் தொடர்ந்து, பக்கத்தில் உள்ள மணிச் சின்னத்தை ஒருமுறை அழுத்தி வையுங்கள். ஆட்டம் தொடங்கும்போது கைப்பேசி தானாகக் கூப்பிடும்.

போட்டி இல்லாத மாதங்களிலும் கவலை இல்லை. பழைய ஆட்டங்கள் அங்கே கிடக்கின்றன. முடிவு தெரிந்த ஆட்டம் என்று ஒதுக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு 2019 இறுதிச் சுற்று இன்றைக்கு நடப்பது மாதிரிதான். நீங்கள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

தேசிய அணியைப் பார்க்க விரும்பினால், தென்கிழக்காசியப் போட்டி நடக்கும் ஆண்டுகளில் மீவாட்ச் செயலியைத் திறந்து பாருங்கள். மீடியாகார்ப் அந்தப் போட்டிகளை அங்கே நேரலையில் கொடுத்துவந்திருக்கிறது. அதற்கும் காசில்லை.

அடுத்தது, சின்னத் திரையிலிருந்து பெரிய திரைக்கு மாற்றுவது. இது கட்டாயம். கைப்பேசியில் பார்த்தால் ஒருவர் பார்ப்பார், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். புதிய தொலைக்காட்சி என்றால் யூடியூப் உள்ளேயே இருக்கும். பழைய பெட்டி என்றால் மடிக்கணினியிலிருந்து ஓர் எச்டிஎம்ஐ கம்பி போதும். படம் விட்டு விட்டு வந்தால், ஆட்டம் முடியும்வரை பெரிய கோப்புகளைப் பதிவிறக்கம் செய்ய வேண்டாம் என்று வீட்டில் உள்ள இளவட்டங்களிடம் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். இணைய நேரலை அரங்கில் நடப்பதைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் வரும். அரங்கில் உட்கார்ந்திருக்கும் நண்பர் வாட்ஸ்அப்பில் "ஐயோ!" என்று அனுப்பியிருப்பார். உங்கள் திரையில் அந்தப் பந்து இன்னும் காற்றில் இருக்கும். கடைசிக் காலாட்டத்தில் வாட்ஸ்அப்பை மூடிவையுங்கள்.

'எல்லாம் வரும்' பெட்டி

"இதெல்லாம் எதற்கு? ஒரு பெட்டி வாங்கினால் உலகத்து ஒளிவழி எல்லாம் வருமே" என்று சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒளிபரப்பைக் காட்டுவதற்கென்று பெட்டிகளை விற்பது குற்றம். விற்கும் தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். லீக்கின் சொந்தப் பக்கத்தில் நீங்கள் பார்த்தால் அந்த எண்ணிக்கை அணிக்குப் போய்ச் சேரும். பெட்டியில் பார்த்தால் நீங்கள் பார்த்ததே யாருக்கும் தெரியாது. இலவசமாகக் கிடைப்பதைத் திருட்டு வழியில் பார்ப்பதைப் போல வீண் வேலை வேறில்லை.

நேரம் நம் பக்கம்

அமெரிக்காவில் மாலை ஏழரை மணிக்குத் தொடங்கும் என்பிஏ ஆட்டம் நமக்குக் காலை ஏழரை மணிக்கு வரும். அங்கே குளிர்காலம் என்றால் எட்டரை. நீங்கள் எம்ஆர்டியில் இடிபட்டுக்கொண்டிருப்பீர்கள், பிள்ளை வகுப்பில் இருப்பான். ஐரோப்பியக் காற்பந்து நள்ளிரவுக்குப் பக்கத்தில் வரும். அப்பா மட்டும் விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, "கோல்" என்றுகூடக் கத்த முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டுமே வீட்டில் பார்க்கும் ஆட்டங்கள்தான். ஆனால் வீடு பார்க்கும் ஆட்டங்கள் அல்ல.

நம் வட்டார ஆட்டங்கள் பெரும்பாலும் நம்முடைய மாலையில் வருகின்றன. கோலாலம்பூர், மணிலா, ஹாங்காங் எல்லாம் நம் கடிகாரம்தான். பேங்காக், ஹோ சி மின் நகரம், சுராபாயா ஒரு மணி நேரம் பின்னால். அங்கே ஏழு மணி என்று போட்டிருந்தால் நமக்கு எட்டு. இந்த ஒன்றை மட்டும் அட்டவணை பார்க்கும்போது மறந்துவிடாதீர்கள்.

மொத்த ஆட்ட நேரம் 40 நிமிடம். நிறுத்தம், இடைவேளை எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். பத்து நிமிடம் கொண்ட நான்கு காலாட்டங்கள். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவில் 15 நிமிட இடைவேளை. அந்த 15 நிமிடத்தில் நான்கு பேருக்குத் தோசை ஊற்றிவிடலாம். அல்லது பாதியில் விட்ட வீட்டுப்பாடத்தை முடிக்க வைக்கலாம். பிள்ளைகள் அன்றைக்குப் போல வேகமாகக் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

பார்க்கத் தெரிந்தால்

விதிகள் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. நான்கு எண்களைத் தெரிந்துகொண்டால் ஆட்டம் புரியத் தொடங்கிவிடும்.

முதல் எண் 24. பந்து கைக்கு வந்த அணி 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். திரையில் குறைந்துகொண்டே வரும் அந்தச் சின்னக் கடிகாரத்தைப் பாருங்கள். அது ஐந்துக்கு வரும்போது வீரர்களின் முகம் மாறும்.

இரண்டாவது 8. தன் பாதியிலிருந்து எதிரணியின் பாதிக்குப் பந்தை எட்டு நொடிக்குள் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது 6.75. கூடையிலிருந்து அத்தனை மீட்டர் தள்ளி வரையப்பட்ட வளைவுக்கு வெளியே நின்று எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி. பக்கவாட்டு ஓரங்களில் மட்டும் அந்தத் தூரம் கொஞ்சம் குறைவு.

நான்காவது 5. ஒரு வீரர் ஐந்து தவறு செய்தால் வெளியேற வேண்டும். ஒரு காலாட்டத்தில் ஓர் அணியின் தவறுகள் ஐந்தை எட்டினால் எதிரணிக்கு இரண்டு தனி எறிதல்கள் கிடைக்கத் தொடங்கும். என்பிஏ பார்த்துப் பழகிய பிள்ளை "ஆறு தவறு" என்று சண்டைக்கு வரும். அங்கே ஆறு, இங்கே அனைத்துலக விதி. அங்கே காலாட்டம் 12 நிமிடம், இங்கே பத்து. இந்த வாக்குவாதமே ஒரு சுவை.

எண்களைவிட முக்கியமான ஒன்று உண்டு. பந்தை மட்டும் பார்க்காதீர்கள். பந்து இல்லாத நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். இதை எனக்கு விளங்கவைத்தவர் எங்கள் அக்கா வீட்டுப் பாட்டி. அக்காவின் மாமியார், வயது எழுபதைத் தாண்டியவர். பேரனோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"ஏன்டா தம்பி, அந்த நெட்டையன் மட்டும் ஓடாம மரம் மாதிரி நிக்கிறானே, களைச்சுப் போயிட்டானா?"

"இல்ல பாட்டி, அவன் வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறான். அந்தப் பக்கத்து ஆள் இவனைச் சுத்தித்தான் வரணும். அதுக்குள்ள நம்ம ஆள் எறிஞ்சிடுவான்."

"ஓ... கல்யாண வீட்டுப் பந்தியில நமக்கு இடம் பிடிக்க உங்க தாத்தா நிப்பாரே, அது மாதிரியா?"

அதேதான். பயிற்றுநர்கள் பலகையில் கோடு கோடாக வரைந்து சொல்லிக்கொடுப்பதைப் பாட்டி ஒரு பந்தியில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாராவது நல்ல மறிப்புப் போட்டால், "தாத்தா இடம் பிடிச்சிட்டாரு!" என்றுதான் கத்துகிறார்கள்.

வருணனை உங்களுடையது

இது வானொலிக்காரியின் யோசனை. இரண்டாம் காலாட்டத்தில் தொலைக்காட்சிச் சத்தத்தை அணைத்துவிடுங்கள். வீட்டில் ஒருவர் தமிழில் நேர்முக வருணனை செய்யட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். நீளமான கரண்டி ஒன்று போதும், ஒலிவாங்கி தயார்.

முதல் முப்பது நொடி எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு சொல் தேடுவார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு போகிறார், வளையத்தில் மோதித் திரும்புகிறது, குறுக்கே கை நீட்டிப் பறித்துவிட்டார், பந்து வெளியே. வேகமாக ஓடும் ஆட்டத்தோடு ஓட வேண்டும் என்பதால் புத்தகத் தமிழ் கைகொடுக்காது. வாய்க்கு வந்த தமிழ்தான் ஓடும். பள்ளியில் வாய்மொழித் தேர்வுக்குப் படத்தைக் காட்டிப் பேசச் சொன்னால் தயங்கும் பிள்ளை, இங்கே தயங்க நேரமே இருக்காது. ஒரு சொல் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டு ஓடட்டும், யாரும் மதிப்பெண் குறைக்க வேண்டாம். திருத்துவதை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் திருத்தாமல் விட்டால் இன்னும் நல்லது.

ஸ்லிங்கர்ஸ் ஆட்டத்துக்குத் தமிழ் வருணனை தேடி நான் அலைய வேண்டியதில்லை. நம் வீடுகளிலிருந்து அது தொடங்கலாம். லெப்ரானுக்கு வருணனை செய்ய உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. காலாங்கில் பந்து தட்டுபவரைப் பற்றித் தமிழில் பேச நம்மைத் தவிர யாரும் வரப்போவதில்லை.

ஜோகூரில் மாமனார் வீடு இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. மலேசிய அணியோடு ஆட்டம் வரும் நாளில் காணொளி அழைப்பில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வருணனை, இந்தப் பக்கமிருந்து ஒன்று. 2016 இறுதிச் சுற்றை அவர்கள் கட்டாயம் ஞாபகப்படுத்துவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து காலாங்குக்கு

வீட்டில் பார்க்கும் வழியைச் சொல்ல வந்துவிட்டு இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான்கைந்து ஆட்டம் வீட்டில் பார்த்த பிறகு ஒன்றுக்கு நேரில் போங்கள். வட்டப்பாதையில் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

வீட்டுத் திரையில் பெயர் தெரிந்துகொண்ட வீரரை அங்கே முழு உயரத்தில் பார்க்கும்போது பிள்ளைக்கு ஏற்படும் வியப்பை எந்தப் பெரிய திரையாலும் கொடுக்க முடியாது. என்பிஏ நட்சத்திரம் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சுவரொட்டியோடு நின்றுவிடுவார். உள்ளூர் வீரர் நம்மைப் போலவே இங்கே பள்ளிக்குப் போய், தேசிய சேவை செய்து, புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள திடலில் பந்து தட்டி வளர்ந்தவராக இருப்பார். "நீயும் ஆகலாம்" என்று தனியாக அறிவுரை சொல்லத் தேவையிராது.

வீட்டில் பார்க்காதவர் அரங்குக்குப் போக மாட்டார். அரங்கு நிறையாத அணி நீண்ட நாள் நிற்காது. நம் ஊரில் ஓர் அணி இருபது ஆண்டுக் காலத்தில் எத்தனை முறை விழுந்து எழுந்திருக்கிறது என்று மேலே பார்த்தோம். ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம்.

இந்த வார இறுதிக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். லீக்கின் யூடியூப் பக்கத்தில் பழைய ஸ்லிங்கர்ஸ் ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை ஏழரை மணிக்கு எல்லாரும் கூடத்தில் உட்காருங்கள். பாட்டிக்கு நல்ல நாற்காலியைக் கொடுங்கள், கரண்டியைப் பிள்ளையிடம் கொடுங்கள். மாவு மட்டும் முன்கூட்டியே கரைத்து வைத்துவிடுங்கள். இடைவேளை 15 நிமிடம்தான்.